சாவதற்காக ஊரை விட்டுப் போன டாக்டர்

1923-ம் ஆண்டு, மே மாதம்.

இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் என்று ஓர் அழகான நகரம். அங்கே ஒரு ஸ்காட்லாந்துக்கார டாக்டர் வைத்தியம் பார்த்து வந்தார். வயது 30.

மற்றவர்களின் நோய்க்கு அவர் மருந்து கொடுத்தார். அவருடைய நோய்க்கு மருந்து இல்லை. கால்களில் வலு இல்லை. நடப்பதே கஷ்டம். நாளுக்கு நாள் உடம்பு தேய்ந்து கொண்டே வந்தது.

அவர் அந்த ஊருக்கு வந்ததே சாவதற்காகத்தான்!

அப்போது லண்டனில் இருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் அவருடைய பழைய மேலதிகாரி. இன்சுலின் என்ற புதிய மருந்து கிடைத்து விட்டது, அது வேலை செய்கிறது, சீக்கிரம் திரும்பி வரவேண்டும் என்பது செய்தி.

டாக்டர் புறப்பட்டார். அன்று புறப்பட்டவர், அதன்பிறகு 45 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அத்தனை ஆண்டும் வேலை பார்த்தார்.

அவர் பெயர் ராபர்ட் டேனியல் லாரன்ஸ். நண்பர்களுக்கு அவர் ராபின்.

ஜவுளிக் கடையில் சில வாரம்

லாரன்ஸ் 1892-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள அபர்தீன் நகரில் பிறந்தார். தகப்பனார் பிரஷ் தயாரிக்கும் தொழில் நடத்தியவர். வசதியான குடும்பம்.

பையன் கெட்டிக்காரன். 18 வயதிலேயே ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கி விட்டான். பிறகு கிளாஸ்கோ நகரில் மாமாவின் ஜவுளி வியாபாரத்தில் சேர்ந்தான். துணி அளக்கும் வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. சில வாரங்களிலேயே கும்பிடு போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினான். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான்.

அங்கே அவன் பெறாத பரிசு இல்லை. தங்கப் பதக்கங்கள் குவிந்தன. ஹாக்கியிலும் டென்னிசிலும் பல்கலைக்கழகத்துக்காக ஆடினான். மாணவர் மன்றத்துக்குத் தலைவனாகவும் இருந்தான்.

1916-ல் டாக்டர் பட்டம் பெற்றார் லாரன்ஸ். அது முதலாவது உலகப் போர் நடந்த சமயம். ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, இந்தியாவின் எல்லைப்புறத்தில் பணிபுரிந்தார். 1919-ல் சீதபேதி கண்டு உடம்பு கெட்டது. ராணுவம் அவரை ஊருக்கு அனுப்பி வைத்தது.

தேறியதும் லண்டனுக்கு வந்தார். கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் உதவி சர்ஜன் ஆனார். கைராசிக்கார சர்ஜனாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

உளி தெறித்தது

1920-ம் ஆண்டு. காதின் பின்புற எலும்பில் செய்யும் ஆபரேஷன் ஒன்றை லாரன்ஸ் பழகிக் கொண்டிருந்தார். உயிருள்ளவர் மீது கத்தி வைக்கும் முன்பு பிணத்தை வைத்துப் பழகுவது டாக்டர்களின் வழக்கம்.

உளியை வைத்து எலும்பைத் தட்டினார். ஒரு சில்லு தெறித்தது. நேராக அவருடைய வலது கண்ணில் போய்த் தைத்தது.

கண் சீழ் பிடித்தது. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவரைப் படுக்க வைத்தார்கள். புண் ஆறவில்லை. ஏன் ஆறவில்லை? சோதனை செய்து பார்த்தார்கள். சிறுநீரில் சர்க்கரை இருந்தது.

சர்க்கரை வியாதி! நீரிழிவு!

இன்று இந்தப் பெயரைக் கேட்டால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போகிறோம். 1920-ல் அப்படி இல்லை. இளம் வயதில் இந்த வியாதி வந்தவருக்கு அது மரண தண்டனை. நடுத்தர வயதில் வரும் நீரிழிவோடு பல ஆண்டுகள் காலம் தள்ளலாம். சிறு வயதில் வருவது வேறு வகை. உடம்பில் இன்சுலின் என்ற சத்து சுரப்பதே நின்று போய்விடுகிறது. சாப்பிட்ட சாப்பாடு ரத்தத்தில் சர்க்கரையாகத் தேங்குகிறதே தவிர, உடம்பில் ஒட்டுவதில்லை. அடுப்பு நிறைய விறகு இருந்தும் தீக்குச்சி இல்லாத வீடு மாதிரி.

அன்று டாக்டர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பட்டினி. அரிசி, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை எதுவும் ஆகாது. காய்கறியும் இறைச்சியும்கூட நிறுத்துப் பார்த்துத்தான். அதனால் நோய் குணமாகவில்லை. சாவு கொஞ்சம் தள்ளிப் போனது. சிலர் வியாதியால் இறந்தார்களா, பட்டினியால் இறந்தார்களா என்பதே தெரியாமல் போயிற்று.

லாரன்சும் அந்தப் பத்தியத்தில் இறங்கினார்.

நாற்காலியை மாற்றிய மனிதர்

இனி சர்ஜன் வேலை இல்லை. வலது கண்ணின் பார்வை மங்கி விட்டது. உடம்பிலும் தெம்பு இல்லை. கத்தி பிடிக்கும் கை நடுங்கக் கூடாது, கண் பிசகக் கூடாது. இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லாத ஒருவருக்கு ஆபரேஷன் அறையில் இடம் ஏது?

இந்த இடத்தில் பெரும்பாலோருடைய கதை முடிந்து போகும். சம்பளக் கணக்கைத் தீர்த்து, ஒரு கைகுலுக்கலோடு வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது.

லாரன்சுக்கு அப்படி நடக்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில் ரசாயனப் பரிசோதனைப் பிரிவு ஒன்று இருந்தது. அதன் தலைவர் டாக்டர் ஹாரிசன். லாரன்சை அங்கே மாற்றினார்கள். நோயாளிகளின் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துச் சொல்லும் வேலை. உட்கார்ந்து செய்யலாம். அவசரம் இல்லை. ஒரு கண்ணே போதும்.

சாகப்போகிற மனிதருக்கு எதற்கு வேலை என்று யாரும் கேட்டிருக்கலாம். ஹாரிசனின் பிரிவு கேட்கவில்லை. நாற்காலியைப் பறிக்கவில்லை, வேறு நாற்காலி கொடுத்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து இதுதான். இந்த மாற்றம் இல்லாவிட்டால் லாரன்ஸ் இன்னொரு சர்ஜனாக ஆகியிருக்க மாட்டார். இன்னொரு பிணமாகத்தான் ஆகியிருப்பார்.

லாரன்ஸ் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. அரைப் பட்டினியோடு ஆராய்ச்சி செய்தார். எம்.டி. பட்டத்துக்குக் கட்டுரையும் எழுதி முடித்தார். எத்தனை நாள் உயிரோடு இருப்போம் என்று தெரியாதவர் மேல்படிப்புக்கு எழுதுவதாவது! ஆனால் எழுதினார்.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். சாவு உறுதி. பெற்றோர் கண் எதிரே அணு அணுவாகச் சாகவேண்டாம். அவர்கள் அதைப் பார்க்கவேண்டாம். எங்காவது தொலைவில் போய்விடுவோம்.

அப்படித்தான் பிளாரன்ஸ் வந்தார். அங்கேயும் சும்மா இருக்க மனம் இல்லை. வைத்தியசாலை திறந்தார்.

1922-ம் ஆண்டு கடைசியில் குளிர் காலம் வந்தது. மார்புச் சளி பிடித்தது. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சளியும் காய்ச்சலும் வந்தால் வியாதி இரண்டு மடங்கு ஆகும். இன்றைக்கும் அப்படித்தான். கால் நரம்புகள் பழுதாயின. முடிவு நெருங்கி விட்டது என்றே தோன்றியது.

கடல் கடந்து ஒரு செய்தி

லாரன்ஸ் சாவுக்காகக் காத்திருந்த அதே காலத்தில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வேறு ஒரு கதை நடந்து கொண்டிருந்தது.

வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுரக்கும் ஏதோ ஒரு சத்துதான் சர்க்கரையை அடக்கி ஆள்கிறது என்று விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டார்கள். அதைப் பிரித்து எடுக்க யாராலும் முடியவில்லை. 1921-ல் பாண்டிங் என்ற இளம் சர்ஜனும் பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களை வைத்துச் சோதனை செய்து அதைப் பிரித்து எடுத்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர் மக்லியோட் என்ற பேராசிரியர். மருந்தைச் சுத்தம் செய்து கொடுத்தவர் காலிப் என்ற ரசாயன நிபுணர்.

1922-ம் ஆண்டு ஜனவரி மாதம் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த மருந்தைப் போட்டார்கள். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்தை மேலும் சுத்தம் செய்து, ஜனவரி 23-ந் தேதி மறுபடியும் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது! சாகக் கிடந்த பையன் எழுந்து நடமாடினான்.

இதில் ஒரு வேடிக்கை. மக்லியோட் படித்ததும் அபர்தீன் மருத்துவக் கல்லூரியில்தான்! ஒரே கல்லூரி வாசலில் இருந்து வந்த இரண்டு பேர். ஒருவர் மருந்து பிறந்த இடத்தில். மற்றொருவர் மருந்து இல்லாமல் சாகும் இடத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு மகா சமுத்திரம்.

மருந்து டொராண்டோவில் பிறந்தாலும் ஊர் ஊராய்ப் போய்ச் சேர ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்தில் இருந்து அதை எடுக்க வேண்டும். 1923-ல்தான் லண்டனில் ஹாரிசனின் கைக்கு வந்தது. வந்ததும் அவருக்கு நினைவு வந்தது, பிளாரன்சுக்குப் போன பழைய உதவியாளர்தான்.

தந்தி கொடுத்தார்.

மே மாதம் 31-ந் தேதி

நோயுற்ற கால்களோடு லாரன்ஸ் காரில் புறப்பட்டார். இத்தாலி, பிரான்சு எல்லாம் தாண்டவேண்டும். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கவேண்டும். இன்றைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். அன்று நல்ல உடம்புக்காரருக்கே அலுப்புத் தட்டும் பிரயாணம்.

மே 28-ந் தேதி லண்டன் வந்து சேர்ந்தார். எந்த ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தாரோ, அதே கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்தார். மூன்று நாள் பரிசோதனை. மே 31-ந் தேதி முதல் இன்சுலின் ஊசி.

பிழைத்தார்!

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் உடம்பு மட்டும் தேறவில்லை. ஊசியின் நுணுக்கம் எல்லாம் படித்துக் கொண்டார். எவ்வளவு போட்டால் எவ்வளவு இறங்குகிறது, எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று தன் உடம்பையே புத்தகமாகப் புரட்டினார்.

வெளியே வந்ததும் அதே ஆஸ்பத்திரியில் ரசாயனப் பரிசோதனைப் பிரிவில் உத்தியோகம் கிடைத்தது. ஹாரிசன் ஒதுக்கிக் கொடுத்த நாற்காலி வீண்போகவில்லை.

இதே போல் அமெரிக்காவில் ஒரு டாக்டர். பெயர் ஜார்ஜ் மைனட். அவருக்கு 1921-ல் சர்க்கரை வியாதி கண்டது. 1923-ல் இன்சுலின் கிடைத்துப் பிழைத்தார். அதற்குப் பிறகு ஆளைக் கொல்லும் ஒருவகை ரத்தசோகைக்கு ஈரல் உணவே மருந்து என்று கண்டுபிடித்து, 1934-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஓர் ஊசி ஒரு மனிதனைக் காப்பாற்றியது. அந்த மனிதன் ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாற்றினான். அது தனிக் கதை. லாரன்சிடம் திரும்புவோம்.

இரண்டு உத்தியோகம்

இன்சுலின் வந்ததும் வியாதி ஓடிவிட்டது என்று நினைக்கவேண்டாம். இன்சுலின் வியாதியைக் குணமாக்காது. உடம்பு சுரக்காத சத்தை ஊசி வழியாக அன்றாடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் பழைய கதி.

அந்தக் காலத்தில் ஊசி போட்டுக் கொண்டே வேலைக்குப் போவது லேசான காரியம் அல்ல.

கண்ணாடிக் குழாய் ஊசி. அதைக் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது ஸ்பிரிட்டில் போட்டு வைக்கவேண்டும். ஊசிமுனை மழுங்கினால் கல்லில் தேய்க்கவேண்டும். காலையில் ஆகாரத்துக்கு முன்பு ஓர் ஊசி. மாலையில் ஆகாரத்துக்கு முன்பு ஓர் ஊசி. சாப்பாட்டைத் தராசில் நிறுக்கவேண்டும்.

பிறகு பரிசோதனை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம். அதில் 8 சொட்டு சிறுநீர். கொதிக்க வைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் அதிகம். செங்கல் நிறமானால் ஆபத்து. இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐந்து விநாடியில் எண்ணைப் பார்த்து விடுகிறோம். அன்று வீட்டுக்கு வீடு ஒரு குட்டி ஆராய்ச்சிசாலை வேண்டியிருந்தது.

ஆக, சர்க்கரை வியாதிக்காரருக்கு இரண்டு உத்தியோகம். ஒன்று சம்பளம் வரும் உத்தியோகம். மற்றொன்று சம்பளமே இல்லாத, ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லாத உத்தியோகம். லாரன்ஸ் இரண்டையும் பார்த்தார்.

சர்க்கரை ஏறுவது மெல்லக் கொல்லும் ஆபத்து. வேலை செய்யும் இடத்தில் உடனடி ஆபத்து, சர்க்கரை இறங்குவது. ஊசி போட்டாயிற்று, மேலதிகாரி கூப்பிட்டார், சாப்பாட்டு நேரம் தள்ளிப் போயிற்று. என்ன ஆகும்? உடம்பு வேர்க்கும். கை நடுங்கும். பசி வயிற்றைப் பிடுங்கும். பேச்சு குளறும். எதிரே இருப்பவருக்கு, இந்த ஆள் குடித்திருக்கிறான் என்று தோன்றும்! இன்னும் தாமதித்தால் நினைவு தப்பும். அப்போதே வாயில் கொஞ்சம் சர்க்கரை போட்டால் சில நிமிடங்களில் பழைய மனிதர் ஆகிவிடுவார். ஆயுள் முழுவதும் சர்க்கரைக்குப் பயப்பட வேண்டிய மனிதர், சட்டைப் பையில் சர்க்கரைக் கட்டி இல்லாமல் வெளியே கிளம்பக் கூடாது. வேடிக்கையான வியாதிதான்.

உடல் உழைப்பும் கணக்கில் சேரும். உழைத்தால் இன்சுலின் வேகமாக வேலை செய்கிறது, சர்க்கரை மேலும் இறங்குகிறது என்பதை ஆராய்ந்து 1926-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டவர் லாரன்ஸ்தான். மேசையில் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாவுக்கும் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவு ஊசி ஒத்துவராது என்பதற்கு அது ஆதாரம். வேலை என்ன என்று கேட்காமல் ஊசி அளவு எழுதுவது அரைகுறை வைத்தியம் என்பது இதனால் தெளிவாயிற்று.

கறுப்புக் கோடு, சிவப்புக் கோடு

1925-ல் லாரன்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். சர்க்கரை வியாதிக்காரரின் வாழ்க்கை என்பது அதன் தலைப்பின் பொருள். டாக்டர்களுக்காக மட்டும் அல்ல, நோயாளிகளும் படிப்பதற்காக எழுதினார். பதிப்பு மேல் பதிப்பு வந்தது. பல மொழிகளில் பெயர்த்தார்கள். அதன் பிறகு இன்னும் எளிமையாக, அரிச்சுவடி போல ஒரு சிறு புத்தகமும் எழுதினார்.

நோயாளிக்கு எதற்கு வைத்திய சாஸ்திரம் என்று நினைத்த காலம் அது. டாக்டர் சொன்னால் கேட்டுக் கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். லாரன்ஸ் அப்படி நினைக்கவில்லை. டாக்டர் நோயாளியோடு இருப்பது மாதத்தில் ஒரு நாள், அதிலும் கால் மணி நேரம். மற்ற நேரம் எல்லாம் நோயாளியே டாக்டர். தெரியாத டாக்டரிடம் யார் உடம்பைக் கொடுப்பார்கள்?

ஆனால் படிப்பு அதிகம் இல்லாதவருக்குச் சாப்பாட்டுக் கணக்கை எப்படிச் சொல்வது? இதற்கு லாரன்ஸ் ஒரு யுக்தி செய்தார். அட்டையில் கறுப்பு வரிசை, சிவப்பு வரிசை என்று இரண்டு வகைக் கோடு. கறுப்பு என்றால் மாவுச்சத்து. ஒரு கறுப்புப் பங்கில் 10 கிராம் மாவுச்சத்து. சுமார் 20 கிராம் ரொட்டி தின்றால் ஒரு கறுப்பு. அதற்குப் பதிலாகச் சிறு உருளைக்கிழங்கு தின்றாலும் ஒரு கறுப்பு. சிவப்பு என்றால் முட்டை, இறைச்சி போன்ற புரதமும் கொழுப்பும். ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் ஒரு கோடு.

காலையில் இத்தனை கோடு, மத்தியானம் இத்தனை கோடு என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். எந்தக் கறுப்பு, எந்தச் சிவப்பு என்பது வீட்டுக்காரியின் இஷ்டம். கணக்குத் தெரியாதவரும் கோட்டை எண்ணலாம். தினமும் ஒரே சாப்பாடு என்ற கொடுமை ஒழிந்தது. தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே மனத்துக்குள் கணக்குப் போட்டு விடலாம். இன்று மாவுச்சத்தை எண்ணி ஊசி போட்டுக் கொள்கிறவர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

அளவு தவறக் கூடாது என்பதில் லாரன்ஸ் கண்டிப்பானவர். ஊசி இருக்கிறதே, இஷ்டம் போல் சாப்பிடலாமே என்று சொன்ன டாக்டர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். சர்க்கரையைக் கட்டில் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்பதற்கு அப்போது முடிவான ஆதாரம் இல்லை. 1993-ல்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சி அதை நிரூபித்தது. கண்டிப்புக்காரர்கள் பக்கமே நியாயம் இருந்தது. அதைக் கேட்க லாரன்ஸ் உயிரோடு இல்லை.

வேலை கொடுக்க மறுத்தார்கள்

கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் லாரன்ஸ் நடத்திய சர்க்கரை வியாதிப் பிரிவு வளர்ந்தது. நாட்டிலேயே பெரிய பிரிவுகளில் ஒன்றாயிற்று. டாக்டருக்கும் அதே வியாதி, அவரும் காலையில் ஊசி போட்டுக்கொண்டுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதே வந்தவர்களுக்குப் பாதி மருந்து.

உயிர் பிழைத்தவர்களுக்கு இப்போது வேறு கவலை. பிழைப்புக்கு என்ன வழி?

இன்சுலின் வருவதற்கு முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. செத்துப் போகிறவருக்கு வேலை எதற்கு? இப்போது பிள்ளைகள் வளர்ந்து வாலிபர் ஆனார்கள். வேலை கேட்டுப் போனார்கள். சர்க்கரை வியாதி என்றதும் முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? அடிக்கடி லீவு கேட்டால் என்ன செய்வது? ஆயுள் இன்சூரன்சும் சுலபத்தில் கிடைக்கவில்லை.

ஆகவே பலர் மறைத்தார்கள். மறைத்ததால் வேலை கிடைத்தது. ஆனால் மறைத்தவர் எல்லோர் எதிரிலும் ஊசி போட முடியாது. நேரத்துக்குச் சாப்பிட அனுமதி கேட்க முடியாது. கை நடுங்கும்போது, எனக்குச் சர்க்கரை கொடுங்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. எத்தனை பேர் இந்த இரண்டுக்கும் நடுவே தவித்தார்களோ!

லாரன்சுக்கு இது புத்தக அறிவு அல்ல. அவருடைய வியாதி அவர் மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் வேலை மாறியது. தெரிந்ததால்தான் தந்தி வந்தது.

நாவலாசிரியர் வீட்டில் ஒரு கூட்டம்

லாரன்சிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்றவர். கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிக் கதை எழுதிய எச்.ஜி. வெல்ஸ்தான் அவர்! வெல்சுக்கு வந்தது வயதான பிறகு வரும் நீரிழிவு. இருவருக்கும் வேறொரு பொருத்தமும் உண்டு. வெல்சும் சிறுவயதில் ஜவுளிக் கடையில் வேலை கற்கப் போய், வெறுத்து வெளியே வந்தவர்.

டாக்டரும் நோயாளியும் பேசினார்கள். தனித்தனியே தவிப்பதைவிடச் சங்கம் வைத்தால் என்ன? வெல்ஸ் தம் பேனாவை எடுத்தார். லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வேண்டுகோள் வெளியிட்டார். 1934-ம் ஆண்டு லண்டனில் வெல்சின் இல்லத்தில் ஒரு சிலர் கூடினார்கள். நீரிழிவுச் சங்கம் பிறந்தது. வெல்ஸ் தலைவர். நிர்வாகக் குழுவுக்கு லாரன்ஸ் தலைவர். 1961 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

டாக்டர்களும் நோயாளிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சங்கம் அது. அன்று அது புதுமை. பணம் இல்லை என்பதற்காக ஒருவரும் இன்சுலின் இல்லாமல் சாகக் கூடாது என்பது முதல் நோக்கம். வியாதியைப் பற்றி நோயாளிக்கும் ஊராருக்கும் அறிவு புகட்டுவது அடுத்தது. 1935-ம் ஆண்டு ஜனவரியில் சங்கத்தின் பத்திரிகையும் வந்தது. லாரன்ஸ் தம் பெயரைப் போடாமலே அதில் பல கட்டுரைகள் எழுதினார்.

1939-ல் இரண்டாவது உலகப் போர் மூண்டது. லண்டன் குழந்தைகளை ரயிலில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஊசி போடவேண்டிய குழந்தைகளை முன்பின் அறியாத வீட்டில் விட முடியுமா? அவர்களுக்கென்று தனி விடுதிகள் ஏற்பட்டன. சங்கம் அதற்குத் துணை நின்றது. உணவுக்கு ரேஷன் வந்தபோது, சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் சர்க்கரைப் பங்கை விட்டுக் கொடுத்து வேறு உணவு கூடுதலாகப் பெற ஏற்பாடு ஆயிற்று.

1948-ல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை வந்தது. இன்சுலின் வாங்க வழியில்லையே என்ற கவலை தீர்ந்தது.

1950-ல் பல நாட்டுச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடி உலகச் சம்மேளனம் அமைத்தன. முதல் தலைவர் லாரன்ஸ். 1958 வரை அவரே தலைவர்.

கடைசி வரை

1928-ல் லாரன்ஸ் திருமணம் செய்துகொண்டார். மனைவி பெயர் டோரீன். மூன்று மகன்கள். பிளாரன்சில் சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர் வீட்டில் மூன்று பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள்!

1939-ல் ஆஸ்பத்திரியின் சர்க்கரை வியாதிப் பிரிவுக்கு முழுப் பொறுப்பாளர் ஆனார். கர்ப்பிணிகளுக்கு இந்த வியாதி இருந்தால் தாயும் சேயும் பிழைப்பது அபூர்வம் என்றிருந்த நிலை, இன்சுலினாலும் இம்மாதிரிப் பிரிவுகளின் கவனிப்பாலும் மாறியது. விருதுகள், கௌரவங்கள் பல வந்தன. 1964-ல் டொராண்டோ பல்கலைக்கழகமே அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இன்சுலின் பிறந்த ஊர், இன்சுலினால் பிழைத்தவருக்குக் கொடுத்த பட்டம்.

1958-ல் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகும் நோயாளிகளைப் பார்ப்பதை அவர் விடவில்லை.

1968-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி, லண்டனில் தம் வீட்டில், 75-வது வயதில் லாரன்ஸ் காலமானார். முதல் ஊசி போட்ட நாளில் இருந்து 45 ஆண்டு, ஏறத்தாழ மூன்று மாதம்.

அவரும் வெல்சும் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. பெயர் மட்டும் மாறி விட்டது. 60 ஆண்டுகள் சர்க்கரை வியாதியோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சங்கம் ஒரு பதக்கம் அனுப்பி வைக்கிறது. அந்தப் பதக்கத்தின் பெயர் ராபர்ட் லாரன்ஸ் பதக்கம்.